குவாங்சோவுக்கு நேரடி விமானம்: டிக்கெட் போடும் முன் எந்தக் காலண்டரைப் பார்க்க வேண்டும்?

2025 அக்டோபர் 26-ம் தேதி இரவு கொல்கத்தாவில் இருந்து கிளம்பிய இண்டிகோ விமானம் சீனாவின் குவாங்சோ நகரில் போய் இறங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுபோயிருந்த இந்தியா - சீனா நேரடி விமானப் போக்குவரத்து அந்த விமானத்தோடுதான் மீண்டும் தொடங்கியது. நவம்பர் 10-ல் இருந்து டெல்லி - குவாங்சோ விமானமும் பறக்க ஆரம்பித்தது.

சரக்கு எடுக்கப் போகிற வியாபாரி, ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற குடும்பம் என்று பலரும் இப்போது டிக்கெட் விலையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், விலை குறைவாக இருக்கிறதே என்று பிப்ரவரி நடுவில் போய் இறங்குகிற வியாபாரி, மொத்த விற்பனைச் சந்தை முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடப்பதைத்தான் பார்ப்பார். மே 1-ம் தேதி போகிறவருக்கு ஹோட்டல் அறை கிடைப்பதே பெரும்பாடு. செப்டம்பரில் போனால் புயல் வந்து ஊரே மூடிக்கிடக்கலாம்.

விமானம் வந்துவிட்டதால் பயணம் எளிதாகிவிட்டதா? எந்த மாதம் போகலாம், எப்போது தவிர்க்கலாம்? போவதற்கு முன்னாடி செல்போனில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

விமானம் ஏன் நின்றது, எப்படித் திரும்பியது?

2020 தொடக்கத்தில் கொரோனா பரவியபோது விமானங்கள் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டு ஜூன் மாதம் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டு ராணுவமும் மோதிக்கொண்டன. இந்தியத் தரப்பில் 20 வீரர்கள் உயிரிழந்தனர். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். சீனா தன் தரப்பில் 4 பேர் இறந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டது. கொரோனா ஓய்ந்த பிறகும் விமானங்கள் திரும்பாததற்கு இந்த மோதல்தான் காரணம்.

2024 அக்டோபரில் எல்லை ரோந்து தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது. அதே மாதம் ரஷ்யாவின் கசான் நகரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தனர். 2025 கோடையில் கைலாஷ் - மானசரோவர் யாத்திரை மீண்டும் தொடங்கியது. ஜூலை 24 முதல் சீனர்களுக்குச் சுற்றுலா விசா தரத் தொடங்கியது இந்தியா. அதன் தொடர்ச்சிதான் இந்த விமானங்கள். அரசியல் சரியானதால் வந்த விமானம் இது. அரசியல் கெட்டால் மறுபடியும் நிற்கலாம் என்பதையும் பயணிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் முதலில் குவாங்சோ?

பழைய வரைபடங்களில் 'கான்டன்' என்று இருக்கும் ஊர்தான் இது. குவாங்டாங் மாகாணத்தின் தலைநகர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1.87 கோடி. முத்து நதி இதன் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. துணி, பொம்மை, விளக்கு, கைக்கடிகாரம், தோல் பை, எலெக்ட்ரானிக் பொருட்கள் என்று உலகத்துக்குச் சீனா விற்கும் சாமான்களில் கணிசமான பகுதி இந்த ஊரைச் சுற்றிய தொழிற்சாலைகளில் தயாராகிறது.

2024-25 நிதியாண்டில் சீனாவுடனான இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,920 கோடி டாலர். அதாவது நாம் விற்பதைவிட அவ்வளவு அதிகமாக அவர்களிடம் வாங்குகிறோம். அந்த வரவு, போக்கில் குவாங்சோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2007-ல் இருந்தே இந்தியத் துணைத் தூதரகம் இங்கே செயல்பட்டு வருகிறது.

சென்னையில் இருந்து போகிறவர்கள் கொல்கத்தா அல்லது டெல்லி போய் மாறலாம். இல்லாவிட்டால் ஹாங்காங், சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகப் போகலாம். ஹாங்காங்கில் இறங்கினால் அங்கிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

ஒரே நகரம், மூன்று காலண்டர்

குவாங்சோ மூன்று காலண்டர்களில் ஓடுகிறது. ஒன்று, பண்டிகைகளுக்கான பாரம்பரியக் காலண்டர். இரண்டு, ஆண்டுதோறும் சீன அரசு அறிவிக்கும் விடுமுறைப் பட்டியல். மூன்று, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சி. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் டிக்கெட் போட்டால் சிக்கல்தான்.

பாரம்பரியக் காலண்டர் நமக்கு அந்நியமானது இல்லை. சீன மாதம் அமாவாசையன்று தொடங்கும். 15-ம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். சீனப் புத்தாண்டு நம்முடைய தை அமாவாசையையோ மாசி அமாவாசையையோ ஒட்டியே விழும். 2026-ல் பிப்ரவரி 17, 2027-ல் பிப்ரவரி 6. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டினாலே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் சரியான தேதியை மட்டும் அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு விடுமுறைப் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு. நீண்ட விடுமுறையை ஒட்டுமொத்தமாகக் கொடுப்பதற்காக, முன்னும் பின்னும் வரும் சில சனி, ஞாயிறுகளை வேலை நாளாக்கிவிடுவார்கள். வங்கி, அலுவலக வேலையாகப் போகிறவர்கள் இந்தப் பட்டியலைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வசந்த விழா: பூக்கடையும் பூட்டிய கடையும்

சீனப் புத்தாண்டை அங்கே வசந்த விழா என்பார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. சீனா முழுக்கக் கொண்டாடினாலும் குவாங்சோவின் அடையாளம் பூச்சந்தைதான். புத்தாண்டுக்கு முந்தைய சில நாட்கள், நகரின் பல பகுதிகளில் தெருக்களே பூச்சந்தைகளாக மாறும். குடும்பம் குடும்பமாகப் போய் 'பூத்தெரு நடப்பது' இங்கே ஒரு சடங்கு. பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க நெரியும் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வாங்கும் செடி ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு. குட்டி ஆரஞ்சு காய்த்துத் தொங்கும் தொட்டிச் செடி வீட்டுக்கு அதிர்ஷ்டம். பீச் மரத்துப் பூங்கொத்து, கல்யாணமாகாதவர்களுக்கு வரன் அமைய. புத்தாண்டுக்கு முந்தைய இரவோடு சந்தை முடிந்துவிடும். அன்று இரவு மிச்சம் இருக்கும் செடியெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போகும்.

பார்க்கப் போகிறவருக்கு இது அருமையான நேரம். சரக்கு எடுக்கப் போகிறவருக்கோ மிக மோசமான நேரம். குவாங்சோவின் தொழிற்சாலைகளிலும் சந்தைகளிலும் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஹூனான், சிச்சுவான், குவாங்ஷி போன்ற வெளி மாகாணத்துக்காரர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊருக்குப் போக அவர்களுக்குக் கிடைக்கும் விடுமுறை இதுதான். சுமார் 40 நாட்கள் நீளும் இந்தப் பயணக் காலத்தில் ரயில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2008 ஜனவரியில் பனிப்புயலால் வடக்கே ரயில்கள் நின்றபோது, குவாங்சோ ரயில் நிலையத்தில் ஊர் திரும்ப வந்த லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கிடந்தார்கள்.

2026-ல் அரசு விடுமுறை பிப்ரவரி 15 முதல் 23 வரை 9 நாட்கள். ஆனால் தொழிற்சாலைகளின் கணக்கே வேறு. பல இடங்களில் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே இயந்திரம் நின்றுவிடும். புத்தாண்டுக்குப் பிந்தைய பௌர்ணமியன்று வரும் விளக்குத் திருவிழா முடிந்த பிறகுதான் பழைய வேகம் திரும்பும். ஆகவே மார்ச் மாதம் கைக்கு வர வேண்டிய சரக்குக்கான ஆர்டரை டிசம்பரிலேயே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். முதல்முறை போகும் சிறு வியாபாரிகள் முன்பணத்தைக் கட்டிவிட்டுச் சரக்குக்காகக் காத்துக்கிடப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

கப்பலைத் தவறவிட்ட இந்தியர்

சீனர்களின் இரண்டாவது மாதம், வளர்பிறையின் 11 முதல் 13-ம் நாள் வரை, நகரின் கிழக்கே ஹுவாங்பு பகுதியில் ஒரு கோயில் திருவிழா நடக்கும். 2026-ல் இது மார்ச் 29 முதல் 31 வரை வரும். இடம், தென்கடல் தெய்வத்தின் கோயில். கி.பி. 594-ல் கட்டப்பட்டது. கடல் வணிகம் செய்தவர்கள் கிளம்பும் முன் இங்கே வந்து வேண்டிக்கொள்வார்கள்.

இந்தக் கோயிலுக்கு 'பொலுவோ கோயில்' என்று ஒரு பெயரும் உண்டு. அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். தாங் வம்ச காலத்தில் இந்தியப் பகுதியில் இருந்து தூதர் ஒருவர் கப்பலில் வந்தார். கையோடு கொண்டுவந்த பலா விதைகளைக் கோயில் வளாகத்தில் நட்டார். சீன மொழியில் பலாவுக்குப் பெயர் 'பொலுவோமி'. கோயிலின் அழகில் லயித்துப்போய் நேரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். கப்பல் கிளம்பிப் போய்விட்டது. கடலைப் பார்த்தபடி கரையிலேயே நின்று காத்திருந்து உயிரை விட்டார். ஊர்க்காரர்கள் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் கப்பல் தெரிகிறதா என்று பார்க்கும் அவரது சிலை இன்றும் கோயிலில் இருக்கிறது.

எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். ஆனால் அந்நியர் ஒருவரைச் சாமியாக்கிய ஊர் இது என்பது நிஜம். திருவிழாவில் களிமண், காகிதம், நிஜ இறகு வைத்துச் செய்த பொம்மைச் சேவலை வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். கோயில் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 13-வது தடத்தில் போக வேண்டும்.

தமிழர்களுக்கு ஆர்வமூட்டும் இன்னொரு இடம், பழைய நகரத்தின் லிவான் பகுதியில் இருக்கும் ஹுவாலின் கோயில். கடல் வழியாக வந்த போதிதருமர் கரையிறங்கிய இடம் என்று மரபாகச் சொல்லப்படுவது இந்த வட்டாரம்தான். அவர் காஞ்சிபுரத்தில் இருந்து போனவர் என்ற நம்பிக்கை இங்கே பலருக்கும் உண்டு. 2011-ல் வந்த '7ஆம் அறிவு' படம் அதை இன்னும் பரப்பியது. கோயிலைச் சுற்றிப் பச்சை மாணிக்கக் கல் விற்கும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

கான்டன் கண்காட்சி: வியாபாரிகளின் திருவிழா

1957-ல் தொடங்கியது கான்டன் கண்காட்சி. ஆண்டுக்கு இருமுறை, வசந்த காலத்தில் ஏப்ரல் 15 முதல் மே 5 வரையும், இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையும் பாஜோ வளாகத்தில் நடக்கும். 2025 அக்டோபரில் நடந்த 138-வது கண்காட்சிக்கு வெளிநாடுகளில் இருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

எல்லாப் பொருளும் எல்லா நாளும் இருக்காது. ஐந்து ஐந்து நாட்களாக மூன்று கட்டம். முதல் கட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸ், இயந்திரங்கள், வாகனங்கள், கருவிகள். இரண்டாவதில் வீட்டு உபயோகப் பொருள், பரிசுப் பொருள், கட்டுமானப் பொருள். மூன்றாவதில் ஆடை, துணி, பொம்மை, எழுதுபொருள். திருப்பூர் ஆடை வியாபாரி முதல் கட்டத்துக்குப் போனால் இயந்திரங்களைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். கட்டங்களுக்கு நடுவே சில நாட்கள் இடைவெளியும் உண்டு.

இன்னொரு சிக்கல், வசந்த காலக் கண்காட்சியின் மூன்றாம் கட்டம் மே 1 முதல் 5 வரை நடக்கிறது. சீனாவின் உழைப்பாளர் தின விடுமுறையும் அதே நாட்கள்தான். உள்நாட்டுச் சுற்றுலாக் கூட்டமும் வெளிநாட்டு வியாபாரிகளும் ஒரே நேரத்தில் அறை தேடினால் வாடகை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. துணி வியாபாரிகளுக்கு அக்டோபர் கடைசியில் தொடங்கும் இலையுதிர் காலத்தின் மூன்றாம் கட்டம் வசதி. கண்காட்சிக்குப் போகாமல் வெறுமனே ஊர் பார்க்கப் போகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

சேற்றில் இருந்து எழும் டிராகன் படகுகள்

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. 2026-ல் ஜூன் 19. படகுப் போட்டி சீனாவில் பல ஊர்களில் நடக்கும். ஆனால், படகைச் சேற்றில் புதைத்து வைப்பதுதான் குவாங்சோ வட்டாரக் கிராமங்களின் வழக்கம். நீளமான மரப் படகுகள் வெயிலில் காய்ந்து வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, திருவிழா முடிந்ததும் ஆற்றுச் சேற்றில் புதைத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு நாலாம் மாதம் எட்டாம் நாளில் பூஜை போட்டு, மேளம் கொட்டித் தோண்டி எடுப்பார்கள்.

பிறகு ஒரு கிராமத்துப் படகு இன்னொரு கிராமத்துக்குப் போகும். உறவு முறை கொண்டாடும். ஊரே கூடி உட்கார்ந்து விருந்து சாப்பிடும். இதில் பார்க்க வேண்டியது, இந்தக் 'கிராமங்கள்' எங்கே இருக்கின்றன என்பதைத்தான். லியெதெ என்ற கிராமம் இன்று வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. வயலும் வீடும் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. ஆனாலும் வாய்க்காலையும் படகையும் ஊர்க்காரர்கள் விடவில்லை. நகரம் விழுங்கிய பிறகும் அந்த ஊர் இன்னும் ஊராக இருக்கிறது என்பதற்குப் படகுதான் சாட்சி.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தச் சமயத்தில் கொட்டும் மழைக்கு 'டிராகன் படகு மழை' என்றே பெயர். குடை இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

மழை, புயல், வியர்க்கும் சுவர்

குவாங்சோவின் வானிலை சென்னைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். கோடையில் வெயிலும் புழுக்கமும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தெற்கில் இருந்து ஈரக்காற்று வீசும் நாட்களில் சுவரும் தரையும் வியர்த்துக் கொட்டும். துவைத்த துணி காயாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். 2025 செப்டம்பரில் ரகசா புயல் வந்தபோது குவாங்டாங்கில் 10-க்கும் மேற்பட்ட நகரங்களில் பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. ரயில், விமானச் சேவைகள் ரத்தாயின. அந்த மாதங்களில் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றும் வசதியோடு எடுப்பது நல்லது.

செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ பௌர்ணமியை ஒட்டி இலையுதிர் கால விழா வரும். 2026-ல் செப்டம்பர் 25. வீட்டுக்கு வீடு நிலாக் கேக். குவாங்சோ வகைக் கேக்கில் தாமரை விதை விழுதும் முட்டை மஞ்சள் கருவும் இருக்கும். சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். உடனே அக்டோபர் 1 முதல் 7 வரை தேசிய தின விடுமுறை. நாடே சுற்றுலா போகும் வாரம் அது. நாம் போக வேண்டிய வாரம் அல்ல.

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் (2026-ல் அக்டோபர் 18) மலை ஏறும் திருநாள். முந்தின இரவில் இருந்தே பைய்யுன் மலையில் கூட்டம் ஏறத் தொடங்கும். உயரம் 382 மீட்டர்தான் என்றாலும் அன்றைக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போலத்தான் இருக்கும்.

கையில் காசு இருந்தால் போதாதா?

ரூபாய் நோட்டு இல்லாமல் ஜிபேயை நம்பி வெளியே கிளம்புகிறவர்களுக்குச் சீனா புரியும். அங்கே டீக்கடை முதல் டாக்ஸி வரை அலிபே அல்லது வீசாட் பேதான். ஆனால் நம்முடைய யுபிஐ-யை நம்பி அங்கே போக முடியாது. கடைகள் யுவான் நோட்டை வாங்க மறுக்கக் கூடாது என்பது சட்டம். இருந்தாலும் சில்லறை இல்லாமல் கடைக்காரர் விழிப்பார்.

2023 ஜூலையில் இருந்து இந்த இரண்டு செயலிகளிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைத்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் ஒரு பரிவர்த்தனைக்கான வரம்பு 1,000 டாலரில் இருந்து 5,000 டாலராக உயர்த்தப்பட்டது. 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே பெரிய தொகையை இப்படிக் கட்டினால் நஷ்டம்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அட்டையை இணைக்கும்போது வங்கியில் இருந்து ஓடிபி வரும். பாஸ்போர்ட் படம் கேட்கும். இதையெல்லாம் ஊரிலேயே முடித்துவிட வேண்டும். வங்கியில் சொல்லி வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு வங்கி அட்டைகளும் கொஞ்சம் யுவான் நோட்டும் கையில் இருந்தால் நிம்மதி.

வாட்ஸ்அப் வேலை செய்யுமா?

அங்கே உள்ள ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் திறக்காது. அரசு தடுத்துவைத்திருக்கிறது. அனுமதியில்லாத விபிஎன் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டு போனால், தரவு நம் நாட்டு நெட்வொர்க் வழியாக வருவதால் இவை பொதுவாக வேலை செய்யும். வீட்டில் இருப்பவர்களிடம் "ரெண்டு நாள் மெசேஜ் வரலைன்னா பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவது இன்னும் நல்லது.

கூகுள் மேப்பை நம்பாதீர்கள். சீனா தனக்கென்று வேறு ஆயத்தொலைவு முறை வைத்திருப்பதால் கூகுள் காட்டும் இடமும் நிஜ இடமும் ஒத்துப்போகாது. அமேப் செயலியில் ஆங்கில வசதி உண்டு. டாக்ஸிக்கு டிடி, அலிபேக்குள்ளேயே கிடைக்கும். ஹோட்டல் முகவரியைச் சீன எழுத்தில் ஒரு காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டால் செல்போன் சார்ஜ் போனாலும் திரும்பி வந்துவிடலாம்.

சார்ஜ் என்றதும் இன்னொன்று. 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்கைக் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் வாங்கியவை பலவற்றில் அந்த முத்திரை இருக்காது. குவாங்சோவில் இருந்து வேறு சீன நகரத்துக்குப் பறக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

விசாவில் எங்கே தவறு நடக்கிறது?

சீனா பல நாட்டவர்களுக்கு விசா இல்லாத அனுமதி கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 240 மணி நேர இடைத்தங்கல் சலுகையும் நமக்குக் கிடையாது. சுற்றுலாவுக்கு 'எல்' விசா. வியாபாரத்துக்கு 'எம்' விசா. 'எம்' விசாவுக்குச் சீன நிறுவனத்திடமோ கண்காட்சியிடமோ அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது. டெல்லியில் தூதரகமும் மும்பை, கொல்கத்தாவில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன.

அடிக்கடி நடக்கும் தவறு ஹாங்காங் விஷயத்தில்தான். குவாங்சோவில் இருந்து ஒருநாள் ஹாங்காங் போய்விட்டு வரலாம் என்று நினைப்பார்கள். ஹாங்காங்குக்குள் நுழைந்தாலே சீனப் பெருநிலத்தை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழையும் விசா வைத்திருந்தால் திரும்ப உள்ளே வர முடியாது. இரண்டுமுறை நுழையும் விசா கேட்டு வாங்க வேண்டும். ஹாங்காங்குக்குத் தனியாக இணையத்தில் முன்பதிவும் செய்ய வேண்டும்.

2025 நவம்பர் 20 முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பலாம். தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் அது நம் பொறுப்பு. ரயில் டிக்கெட்டுக்குக்கூட பாஸ்போர்ட் வேண்டும் என்பதால் எப்போதும் கையில் இருக்கட்டும். அவசரத்துக்குக் காவல் துறை 110, ஆம்புலன்ஸ் 120. குடியேற்றத் துறையின் 12367 எண்ணில் ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

குவாங்சோவின் பெருமையே காலைத் தேநீர்தான். டீயோடு சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் ஆவியில் வெந்த பலகாரம் வந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் கீரை வதக்கலில்கூடச் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். "வோ ச்சிர் சூ" என்றால் 'நான் சைவம்' என்று அர்த்தம். புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் நம்பகமானவை. அரபு, ஆப்பிரிக்க வியாபாரிகள் அதிகம் புழங்கும் ஷியாவ்பெய் பகுதியில் ஹலால் உணவகங்கள் நிறைய உண்டு.

அப்படியானால் எப்போது போகலாம்?

ஊர் சுற்றிப் பார்க்க நவம்பர் 5-க்குப் பிறகு டிசம்பர் வரை நல்ல காலம். கண்காட்சி முடிந்து வாடகை இறங்கியிருக்கும். வெயிலும் மழையும் குறைவு. பண்டிகை பார்க்க ஆசைப்படுகிறவர்கள், சந்தை மூடியிருக்கும் என்று தெரிந்தே, புத்தாண்டுக்கு முந்தைய மூன்று நாட்கள் பூச்சந்தைக்குப் போகலாம். இல்லாவிட்டால் மார்ச்சில் கோயில் திருவிழா, ஜூனில் படகு. சரக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு அவரவர் பொருளுக்கு உரிய கண்காட்சிக் கட்டம், அல்லது டிசம்பர் முதல் பாதி.

தவிர்க்க வேண்டியவை: பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி முடிய, எல்லோருக்கும் மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும்.

இன்னும் தீராத கேள்வி

விமானம் வந்துவிட்டதால் நம்பிக்கையும் முழுதாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 நவம்பரில் அருணாச்சலப் பிரதேசத்தில் பிறந்த இந்தியப் பெண் ஒருவர், அதைக் காரணம் காட்டி ஷாங்காய் விமான நிலையத்தில் பல மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டதாகப் புகார் சொன்னார். சீனா அதை மறுத்தது. இந்தியா கடும் கண்டனம் தெரிவித்தது. சீனாவுக்கோ சீனா வழியாகவோ பயணம் செய்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை அறிவுறுத்தியது. அருணாச்சலில் பிறந்ததாக பாஸ்போர்ட்டில் உள்ளவர்கள் கிளம்பும் முன் வெளியுறவுத் துறையின் அறிவுறுத்தலைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மற்றவர்களும் இரண்டு விஷயங்களில் இடம் விட்டுத் திட்டமிடுவது நல்லது. முழு முன்பணத்தையும் ஒரே சரக்கில், ஒரே பயணத்தில் முடக்க வேண்டாம். திரும்பும் தேதிக்கும் ஊரில் முக்கிய வேலைக்கும் நடுவே இரண்டு நாள் இருக்கட்டும். புயலோ, விடுமுறையோ, இரு நாட்டு உறவில் திடீர்ப் பிசகோ, எது வந்தாலும் அந்த இரண்டு நாள் கை கொடுக்கும். ஹுவாங்பு கோயிலில் கண்ணுக்கு மேல் கை வைத்து நிற்கிறாரே, அவருக்குக் கிடைக்காமல் போனதும் அந்த அவகாசம்தான்.